மனநல அறிக்கை எதற்குச் சாட்சி?

கே.வி. என்ற எழுத்துகளால் மட்டுமே வெளியுலகம் அறிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் 2011இல் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். அரசுப் படையினரின் காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்பது அவர் முறைப்பாடு. முதுகில் நீளநீளமாக ஐந்து தழும்புகள், வலக்கையில் இன்னும் சில. பரிசோதித்த மருத்துவர் கண்ணில் ஒரு வேறுபாடு பட்டது. கைத் தழும்புகளின் விளிம்பு கலைந்திருந்தது. முதுகுத் தழும்புகளின் விளிம்போ கோடு கிழித்தாற்போல் இருந்தது. கையில் சுட்டபோது வலி தாங்காமல் மயங்கிவிட்டேன், முதுகில் சுட்டது மயக்கத்தில்தான் என்று அவர் சொல்லியிருந்தார். துடிக்கும் உடம்பில் விளிம்பு கலையும், அசையாத உடம்பில் கலையாது. சொன்ன கதையும் தோலும் ஒத்துப்போயின.

ஆனாலும் தஞ்சம் கிடைக்கவேண்டும் என்பதற்காக அவரே யாரையாவது வைத்து, மயக்க மருந்து எடுத்துக்கொண்டு, சூடு போட்டுக்கொண்டிருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. மேல் தீர்ப்பாயம் அதைத் தள்ளவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பாயத்தின் பக்கம், ஒருவர் மறுபக்கம். உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஒருமனதாக அந்த முடிவை ரத்து செய்தது. தழும்பு எதனால் வந்தது என்று சொல்வதோடு மருத்துவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை; எந்தச் சூழலில் வந்ததாகச் சொல்லப்படுகிறதோ அதோடு எவ்வளவு பொருந்துகிறது என்றும் அவர் சொல்லலாம். ஆளை வைத்துத் தன்னையே சுட்டுக்கொள்வது மிக மிக அரிது என்றும் அது சொன்னது.

இந்தத் தீர்ப்பை மனநல அறிக்கை எழுதுகிறவர்களும் தங்களுக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன். சுட்ட விதத்தைத் தோல் காட்டிக்கொடுத்தது போல மனம் காட்டிக்கொடுக்குமா?

சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் ஐ.நா. மனித உரிமை ஆணையரிடம் கையளிக்கப்பட்டது; 2004இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது. காயம் சொல்லப்பட்ட காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அதில் ஐந்து படிகள். ‘பொருந்தவில்லை’ என்பது கீழ்ப்படி, ‘இதைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது’ என்பது மேல்படி. தழும்பை வைத்து மேல்படிவரை ஏற வாய்ப்புண்டு. மனத்தை வைத்து, நேர்மையான எந்த மருத்துவரும் அந்த மேல்படியில் கால் வைக்க முடியாது.

ஏன் என்றால், பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற நோய்ப்பெயரின் அமைப்பே அப்படி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் கையேட்டில் சேர்த்த இந்த நோய்க்கு, பிற மனநோய்கள் பலவற்றுக்கு இல்லாத ஒரு முன்நிபந்தனை உண்டு: நோயாளி ஒரு பேரதிர்ச்சி நிகழ்வுக்கு ஆட்பட்டிருக்க வேண்டும். அந்த நிகழ்வு நடந்தது என்று மருத்துவருக்கு யார் சொன்னார்? நோயாளிதான். அவர் சொல்லை நம்பி நோய்ப்பெயர் சூட்டப்படுகிறது. பிறகு அந்த நோய்ப்பெயரை எடுத்துக்கொண்டு வழக்குரைஞர், ‘பி.டி.எஸ்.டி. இருக்கிறது, ஆகவே சித்திரவதை நடந்தது’ என்கிறார். சொல்லில் தொடங்கி அதே சொல்லில் வந்து முடிகிறது வாதம். நடுவில் மருத்துவரின் கையெழுத்து மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

அறிகுறிகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை பெரும்பாலும் மெய். ஆனால் வன்னியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த அறிகுறிகளைத் தரக்கூடியவை எத்தனை! 2004இன் கடல்கோள், 2009இல் முள்ளிவாய்க்காலில் விழுந்த எறிகணைகள், முகாம், கடன் வாங்கி ஏஜென்சிக்காரனை நம்பி வந்த பயணம், அதன்பின் லண்டனில் ஒரு அறைக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. எறிகணையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கெட்ட கனவையும் விசாரணை அறையில் அடிபட்டவரின் கெட்ட கனவையும் ஒரு கேள்வித்தாளை வைத்துப் பிரிக்க முடியாது. சட்டமோ அந்த இரண்டையும்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. இலங்கையைப் பற்றிய 2013இன் ஜி.ஜே. வழிகாட்டுத் தீர்ப்பு, திரும்பிப் போகிறவரை அரசு இன்று பிரிவினை முயற்சியில் ஈடுபடுகிறவராகப் பார்க்கிறதா என்பதில் வழக்கின் முடிச்சை வைத்தது. ஆக, நோய் மெய்யாக இருந்தும் வழக்கின் கேள்விக்கு அது விடையாகாமல் போகலாம். பல அறிக்கைகள் இந்த இடைவெளியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் தம் நூல்களில் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதையொட்டியதே: போர் உடைத்தது தனிமனித மனத்தை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும். தனி ஆளுக்கான நோய்ப்பெயரால் அதை அளக்க முயன்றால் பாதி வெளியே நிற்கும். வழக்குக்கு அந்தப் பாதி தேவைப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படியானால் இந்த அறிக்கைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. இரண்டு வேலைகளை இவற்றைப் போல வேறெதுவும் செய்யாது.

முதலாவது, பேச்சு ஏன் தடுமாறுகிறது என்று விளக்குவது. அசைலம் அடித்தவர்களின் கேஸ் பெரும்பாலும் உடைவது முரண்பாட்டில். முதல் இன்டர்வியூவில் பிடித்துச் சென்றது ஆடி என்றார், இரண்டாவதில் ஆவணி என்கிறார். முதலில் நான்கு பேர், இப்போது ஆறு பேர். பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபிஸின் கடிதத்தில் இது ‘நம்பகமின்மை’ என்று பத்தி பத்தியாக வரும். ஜேன் ஹெர்லிஹியும் உடனிருந்தோரும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இந்தத் தர்க்கத்தின் வேரில் கை வைத்தது. கொசோவோவிலிருந்தும் பொஸ்னியாவிலிருந்தும் வந்த அகதிகளிடம் ஒரே நிகழ்வைச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் இடைவெளியில் இருமுறை சொல்லச் சொன்னார்கள். அவர்களுக்குத் தங்கும் அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்படியும் முரண்பாடுகள் பரவலாக வந்தன. நிகழ்வின் நடுப்பகுதியைவிட ஓரங்களில் அதிகம் வந்தன. பி.டி.எஸ்.டி. கடுமையாக இருந்தவர்களிடம், இடைவெளி நீள நீள, அவை கூடின. தேதியும் தலைக்கணக்கும் ஓரங்கள்தாமே! இந்த ஆய்வை ஒருவரின் நினைவாற்றல், கவனம், பேச்சு ஆகியவற்றோடு இணைத்துக் காட்டும் அறிக்கை நீதிபதிக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைத் தெரிவிக்கிறது. முரண்பாடு பொய்க்குச் சான்று என்ற பழைய பழக்கத்தைத் தடுக்கிறது. அவ்வளவுதான் செய்கிறது, கதை உண்மை என்று நிறுவுவதில்லை. ஆனால் அந்த ‘அவ்வளவே’ பல வழக்குகளுக்குப் போதும்.

இதனால்தான் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 2005 மிபங்கா தீர்ப்பு முக்கியம். ஆளை நம்ப முடியாது என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, பிறகு மருத்துவ அறிக்கையை எடுத்து, ‘நம்ப முடியாதவர் சொன்னதை வைத்து எழுதியதுதானே’ என்று ஓரத்தில் வைப்பது தவறு; எல்லாச் சான்றுகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது அது. அதை எழுதிய நீதிபதி வில்சன்தான் பதினான்கு ஆண்டுகள் கழித்து கே.வி. தீர்ப்பையும் எழுதினார்.

இரண்டாவது வேலை, எதிர்காலத்தைப் பற்றியது. திருப்பி அனுப்பினால் இவர் உயிரை மாய்த்துக்கொள்வாரா? கடந்தகால நிகழ்வைவிட இதற்கு விடை சொல்வதில்தான் மனநல மருத்துவருக்குத் தொழில்முறை உரிமை அதிகம். இந்தச் சட்டத்தை வளர்த்த வழக்குகளும் நம்மவர்களுடையவையே. 2005இன் ஜே. வழக்கு தற்கொலை அபாயத்தை எடைபோடும் அளவுகோலை வகுத்தது. 2009இன் ஒய். வழக்கில் ஒரு சகோதரனும் சகோதரியும். காவலில் கொடுமைக்கு உள்ளானவர்கள். ஊரில் இனி ஆபத்தில்லை என்றது தீர்ப்பாயம். இருக்கலாம், ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் அச்சம் மெய், அந்த அச்சமே அவர்களைக் கொல்லும் என்ற மருத்துவச் சாட்சியத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இங்கே அறிக்கை ஒருவர் கூற்றின் எதிரொலியாக இல்லை. தானே ஒரு சான்றாக நின்றது.

இதில் ஒரு கோணல் உண்டு. வழக்கு தற்கொலை அபாயத்தில் நிற்கும்போது, குணமாவது வழக்குக்குக் கேடு. மாத்திரை வேலை செய்தால், ஆள் கொஞ்சம் தேறி வேலைக்குப் போகத் தொடங்கினால், அதுவே அடுத்த விசாரணையில் எதிராக எடுத்துப் படிக்கப்படும். சிகிச்சை அளிக்க வேண்டிய தொழில், நோய் நீடிப்பதைச் சான்றளிக்கும் தொழிலாகவும் இருக்கிறது.

இனி அறிக்கை எப்படித் தயாராகிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். சொலிசிட்டர் ஒரு கடிதத்தோடு கோப்பை அனுப்புகிறார். சந்திப்பு ஒன்றிரண்டு மணி நேரம், பல வேளைகளில் ஒரே முறை. மொழிபெயர்ப்பாளர் உள்ளே வந்ததும் இயல்பாகக் கேட்கிறார்: ‘நீங்கள் எவடம்?’ நம்மவர் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் வருகிற கேள்வி. காவலில் பாலியல் வதைக்கு உள்ளான பெண்ணுக்கு அந்த ஒரு கேள்வி போதும், பாதிக் கதை உள்ளே போய்விடும். இவர் நம் ஊருக்குத் தெரிந்தவர், நாளைக்கு யாரிடம் சொல்வாரோ! இப்படி நடந்ததாக அறிக்கையில் ஒரு வரி இருக்காது.

பிறகு ‘மனநிலைப் பரிசோதனை’ என்ற பகுதி. ‘கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, குரல் தாழ்ந்திருந்தது’ என்று எழுதி, அதை மனச்சோர்வின் அடையாளமாகக் கணக்கில் எடுப்பார்கள். டொக்டர் முன்னால் தலை குனிந்து, குரல் தணித்து இருப்பதை நம் வீடுகளில் மரியாதை என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். மறுபக்கம், ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லாமல் ‘தலையிடி, நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் நோ’ என்று சொல்பவரின் துயரம் கேள்வித்தாளில் விழாமலே போகும். ஒரே அறிக்கையில் நோய் கூடுதலாகவும் குறைவாகவும் எண்ணப்பட வாய்ப்பிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிலர் எழுதும் ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றிலும் கேடு: ‘இவர் கூறுவது உண்மை என்றே எனக்குப் படுகிறது.’ அது மருத்துவரின் வேலையே அல்ல. உண்மையா என்று முடிவுகட்டுவது நீதிபதியின் பொறுப்பு. அந்த வரியைக் கண்டதும் நீதிபதிக்கு முந்தைய இருபது பக்கங்கள் மீதும் சந்தேகம் வரும், நியாயமாகவே வரும்.

இந்தச் சந்தேகத்தின் உச்சம் 2022இல் மேல் தீர்ப்பாயம் சொன்ன எச்.ஏ. தீர்ப்பு, இதுவும் இலங்கை வழக்கே. ஜீபி எனப்படும் குடும்ப மருத்துவரின் குறிப்புகளை மனநல நிபுணர் எடுத்துப் பார்க்க வேண்டும், தம் முடிவு அவற்றோடு மாறுபட்டால் ஏன் என்று அறிக்கையிலேயே சொல்ல வேண்டும், ஒதுக்கித் தள்ளக் கூடாது. குறிப்புகளில் சில, நாடு கடத்தப்படும் அச்சம் இல்லாத காலத்தில் எழுதப்பட்டவையாக இருக்கலாம். அப்போது ஆள் எப்படி இருந்தார் என்பது அவற்றில் தெரியும் என்றது. கூரான வாதம். ஏற்கிறேன், பாதி. மீதிப் பாதி: ஜீபிக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மொழிபெயர்க்க வருவது பல நேரம் மச்சானோ மாமாவோ. அவர் எதிரில் எந்தப் பெண் எதைச் சொல்வாள்? குறிப்பில் ‘முதுகுவலி’ என்று மட்டும் இருந்தால் அதற்குப் பொருள் வேறொன்றும் இல்லை என்பது மட்டுமல்ல, வேறொன்றும் கேட்கப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம். நிபுணருக்கு விதித்த கட்டளையைத் தீர்ப்பாயம் தனக்கும் விதித்துக்கொண்டு, ஜீபியின் மௌனத்தையும் அதே கடுமையோடு சோதித்திருக்க வேண்டும்.

அறிக்கைகளின் பலத்துக்கு அமெரிக்க எண்களைக் காட்டுவது வழக்கம். மருத்துவ, உளவியல் பரிசோதனை செய்யப்பட்ட தஞ்ச வழக்குகளில் 89 விழுக்காடு வென்றன, நாட்டின் சராசரி 37.5 என்றது 2008இல் வந்த ஓர் ஆய்வு. 2021இல் வந்தது 81.6க்கு 42.4 என்றது. மலைக்க வைக்கும் வேறுபாடுதான். ஆனால் அந்த வழக்குகள், மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பிடம் வழக்குரைஞர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவை. அந்த வழக்குகளுக்கு வழக்குரைஞர் இருந்தார். சராசரியில் வழக்குரைஞரே இல்லாதவர்களும் அடக்கம். பலமான கேஸ்தான் அறிக்கையைத் தேடிப் போனதா, அறிக்கை போனதால்தான் கேஸ் பலமானதா என்று இந்த எண்கள் சொல்லா.

பிரெஞ்சு மானிடவியலாளர் திதியே ஃபாசன் சுட்டிக்காட்டியது இந்த எண்களைவிடக் கனமானது: தஞ்சம் கேட்பவரின் சொல்லுக்கு மதிப்புக் குறையக் குறைய, மருத்துவச் சான்றிதழுக்கு மதிப்பு ஏறியது. அதாவது அறிக்கைகள் பெருகியது மருத்துவம் வளர்ந்ததால் அல்ல, நம்பிக்கை தேய்ந்ததால். அறிக்கை எழுதும் ஒவ்வொருவரும், நல்லெண்ணத்தோடுதான், அந்தத் தேய்வுக்கும் கொஞ்சம் உதவுகிறார்.

என் முடிவு இது. நிகழ்வுக்குச் சாட்சியாக மனநல அறிக்கை பலவீனமானது. அதைத் தழும்பு அறிக்கைக்குச் சமமாக வைப்பது தவறு. தடுமாறும் பேச்சுக்கு விளக்கமாகவும், வரக்கூடிய தற்கொலைக்கு எச்சரிக்கையாகவும் அது முதல்தரச் சான்று. அந்த எல்லைக்குள் நிற்கிற அறிக்கையைத் தீர்ப்பாயங்கள் இப்போது கொடுப்பதைவிடக் கூடுதல் எடையோடு ஏற்க வேண்டும். எழுதுகிறவர் ஒருமுறை பார்த்து எழுதாமல் சில மாதம் கழித்தும் பார்க்க வேண்டும்; வேறு எந்தெந்தக் காரணங்கள் இந்த நோயைத் தந்திருக்கலாம் என்று தாமே எழுப்பி, தாமே பதில் சொல்ல வேண்டும்; நம்புகிறேன் என்ற வரியை அடிக்க வேண்டும்.

நீதிபதிக்கும் ஒன்று. அடிபட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. விசாரணை அறையில் நகம் பிடுங்கப்பட்டும் இன்று நித்திரை கொள்கிற, கடையில் நின்று உழைக்கிற, கேட்டால் நேராகப் பதில் சொல்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரிப்போர்ட் எழுத யாரிடமும் ஒன்றும் இல்லை. அகதி உடன்படிக்கை நோயாளிகளுக்காக எழுதப்பட்டதல்ல. அவர்கள் கோப்பில் மருத்துவ அறிக்கை இல்லை என்பதைக் காரணமாக வைத்துத் தீர்ப்பில் ஒரு வரிகூட வரக் கூடாது.