துறைமுகப் புகையும் கடற்காட்சியும்: மோனே, பிசாரோ ஓவியங்களில் தொழிற்கட்டடங்களின் அழகு

முன்னுரை

கடற்கரையை வரையும் ஓவியர்கள் பாறை, அலை, பாய்மரம் ஆகியவற்றை அழகெனக் கொண்டு, புகைபோக்கியையும் பாரந்தூக்கியையும் விலக்குவது பெரிதும் வழக்கம். இவ்வழக்கினின்று விலகிய ஓவியங்களுள் குறிப்பிடத்தக்கது, பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தைக் குளோட் மோனே 1872-இல் வரைந்த ‘உணர்வுப்பதிவு, சூரிய உதயம்’. தொழிற்கட்டடங்களில் அவர் கண்ட அழகு எத்தகையது, அவ்வழகின் பொருட்டு எது மறைக்கப்பட்டது என்பனவற்றை, கமீல் பிசாரோ 1903-இல் அதே துறைமுகத்தில் வரைந்த ஓவியங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அடிவானிலிருந்து துறைக்கு

லெ ஆவ்ர் மோனே வளர்ந்த ஊர். அதையொட்டிய சேந்த்-அத்ரெஸில் 1867-இல் அவர் வரைந்த தோட்டக் காட்சியில் மலர்ச்செடிகளும் ஓய்வாக அமர்ந்திருப்போரும் முன்னிற்க, நீராவிக் கப்பல்களின் புகை அடிவானத்தோடு நின்றுவிடுகிறது. ஐந்தாண்டுகளுக்குப் பின் துறைமுகமே ஓவியத்தின் பொருளாகிறது. புகைபோக்கிகள், கப்பல்களின் பாய்மரத் தண்டுகள், பாரந்தூக்கிகள் ஆகியன நீலச்சாம்பல் நிறத்தில் எழுகின்றன. இச்செங்குத்துக் கோடுகளை நீக்கிவிட்டால் பனிமூட்டம் வெறும் வண்ணப்பரப்பாக எஞ்சும்; காட்சிக்கு ஆழமும் அளவும் தருபவை அவையே. ஆலைப்புகையும் கடற்பனியும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் இயற்கை எங்கு முடிகிறது, தொழில் எங்குத் தொடங்குகிறது எனப் பிரித்தறிய இயலவில்லை. எனவே தொழிற்கட்டடம் இங்குக் காட்சியின் குறையன்று. நிலத்துக்கும் பொழுதுக்கும் உரிய கூறு.

கண்ட அழகும் காணாத உழைப்பும்

1874-இல் பாரிசில் இவ்வோவியம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது விமர்சகர் லூயி லெருவா அதன் முடிவுறாத் தன்மையையே எள்ளினார். ஓவியத்தைக் கடற்காட்சி என்றே குறித்தார். புகைபோக்கிகள் அவர் கண்ணை உறுத்தவில்லை. ஏளனம் செய்தவர்க்கும் ஆலை கடற்காட்சியின் இயல்பான உறுப்பாகத் தோன்றியது ஓவியத்தின் வெற்றி எனலாம். ஆயினும் அதன் வரம்பும் இதுவே. 1870–71 போரில் தோல்வியுற்ற பிரான்சின் மறுமலர்ச்சியைக் கலை வரலாற்றாசிரியர் பால் ஹேஸ் டக்கர் இவ்வோவியத்தில் காண்கிறார். மோனே துறைமுகத்தைத் தேர்ந்தமைக்கு இவ்விளக்கம் பொருந்துகிறது. ஆனால் அம்மறுமலர்ச்சிக்கு உழைத்த கைகளைப் பனி மூடியுள்ளது. தெளிவாகத் தெரியும் மனித உருவங்கள் சிறுபடகிலுள்ள இருண்ட நிழல்களே.

பிசாரோ தம் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1903 கோடையில், துறையை நோக்கிய விடுதி அறையிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவற்றில் பகலொளி பரவ, நீராவிக் கப்பலும் கரைமேடையும் அதில் நடமாடும் மக்களும் புலப்படுகின்றனர். துறையை அழகாக்க அவர் பனியை நாடவில்லை. இவ்வோவியங்களுள் இரண்டை அந்நகர அருங்காட்சியகம் அவ்வாண்டே வாங்கியமை, நகரின் அன்றாடத் தொழிற்களம் கலைப்பொருளாக ஏற்கப்பட்டதைக் காட்டுகிறது. எனினும் அவரது பார்வையும் மாடிச் சாளரத்தினின்றே அமைகிறது. உழைப்பவரின் முகம் அங்கும் தெரிவதில்லை.

முடிவுரை

மோனே தொழிற்கட்டடத்தை ஒளியில் கரைத்து அழகு கண்டார். பிசாரோ கரைக்காமலே கண்டார். முன்னது ஆலையைக் கடலோடு இணைத்தது. பின்னது அதை மக்களோடு இணைத்தது. இருவகையிலும் அழகுக்குத் தொலைவு தேவைப்பட்டுள்ளது. ஆகவே தொழிற்கட்டடத்தை அழகுற வரைந்த ஓவியத்தை மதிப்பிடுகையில், அழகு எங்குள்ளது என்பதோடு, எவ்வளவு தொலைவிலிருந்து அது காணப்பட்டது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.