கற்காலப் புனைவில் ஷாமன் மரபுகள்: சில தர விசாரங்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. நம் வாசகர் வட்டத்தின் மூத்தவர்கள் இருக்கும்போது மரபுகளை எடைபோட எனக்கு என்ன தகுதி என்ற தயக்கம் மட்டும் இருந்தது. "கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே" என்றார் அவர்களில் ஒருவர். பாதிக்குப் பாதி அப்படியே செய்திருக்கிறேன்.

மூத்த ரோனியின் வழியைப் பற்றி அங்கத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை. 1911இல் நூலாக வந்த 'லா கெர் து ஃபூ'வில் நாயகன் நாவோ மாமூத்துகளோடு உறவு கொள்வது தீனி கொடுத்துத்தான். இடையில் எந்த ஆவியும் வரவில்லை. ஆனாலும் நம் பெரியவர்கள் அதையே முதல் பாடமாக வைத்தார்கள். விலங்கை விலங்காகப் பார்க்கத் தெரியாதவனுக்கு அதன் ஆவி மட்டும் எப்படிப் புலப்படும் என்பது அவர்கள் கேள்வி. ராகுல்ஜியின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' வழியாகக் கற்காலத்துக்குள் வந்த நம்மில் பலருக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது.

அடுத்தது ஜீன் அவுல் மரபு. 1980இல் வந்த 'தி கிளான் ஆஃப் தி கேவ் பேர்' கரடி வழிபாட்டை மையமாக்கியது. ஸ்விட்சர்லாந்தின் டிராகன்லோக் குகையில் எமில் பெக்லர் கண்ட கரடி மண்டையோடுகள் அந்தக் கற்பனைக்குப் பின்புலம். அவை மனிதர் அடுக்கியவைதானா என்று ஆய்வாளர்கள் பின்னாளில் ஐயுற்றது வேறு கதை. அந்த நாவலின் மந்திரவாதி கிரெப்புக்கோ இன்னும் உறுதியான அடிப்படை உண்டு. ஈராக்கின் ஷானிதார் குகையில் ரால்ஃப் சொலெக்கியின் குழு 1957இல் எடுத்த எலும்புக்கூட்டுக்கு உரியவர், ஒரு கை போய், ஒரு கண் கெட்ட பிறகும் நெடுநாள் வாழ்ந்தவர். அவுல் அதிலிருந்து ஒரு மந்திரவாதியை எழுப்பினார். கிரெப்பின் கண்ணையும் கையையும் பறித்த கரடிதான் அவருக்குக் குலக்குறி. நாயகி அய்லாவின் தொடையில் குகைச் சிங்கம் கீறிய நான்கு கோடுகளும் அப்படியே. அருளுக்கு முன் ரத்தம் கொடுத்தாயிற்று. இந்தக் கணக்கு இந்த மரபின் பெருமை.

கோல்டிங்கின் 'தி இன்ஹெரிட்டர்ஸ்' (1955) தனி வழி. அதற்குச் சீடர் பரம்பரை அமையவில்லை. மான்வேடமிட்டவனின் சடங்கை மரத்திலிருந்து பார்க்கும் நாயகன் லோக்குக்கு ஒன்றும் புரிவதில்லை. மந்திரத்தை வெளியே நின்று காட்டிய துணிச்சல் அது.

இனி என் பள்ளி. என் ஆசான் எலிசபெத் மார்ஷல் தாமஸ் மரபைச் சேர்ந்தவர், மறைக்க வேண்டியதில்லை. 1950களில் கலஹாரியின் வேட்டைச் சமூகங்களோடு வாழ்ந்தவர் தாமஸ். அந்தப் பழக்கம் 'ரெயின்டீர் மூன்' (1987) முழுவதும் தெரிகிறது. நாயகி யானன் இறந்தபின்னும் விடுதலை பெறுவதில்லை. அவள் ஆவி குடிலோடு கட்டுண்டு, ஷாமன் ஏவினால் விலங்குருக் கொண்டு இரை தேடித் தர வேண்டும். ஆனால் அவள் ஓநாயாவதற்கு முன், உயிரோடிருந்தபோதே, தங்கையோடு அநாதையாய் ஒரு குளிர்காலத்தைப் பெட்டை ஓநாயொன்றின் அருகில் கழித்தவள். அந்த அத்தியாயங்களை ஆசான் உரக்கப் படிப்பார். படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார்: கேட்டது யார்? கொடுத்தது யார்? அந்த விலங்குக்குப் பசிக்கிறதா? எந்த நாவலையும் இந்த மூன்றால் அளந்துவிடலாம். நம் ஊரில் மலையேறிய சாமி தன் மருளாடியைத் தரையில் போட்டுவிட்டுத்தான் போகும். ஆசான் புனைவிலும் அந்தச் சோர்வைத்தான் தேடினார்.

மிஷெல் பேவரை எங்கள் பள்ளி முதலில் சிறுவர் எழுத்தென்று ஒதுக்கியது. 'உல்ஃப் பிரதர்' (2004) நாவலைப் படித்த பிறகு ஆசானே அந்தக் கருத்தை மாற்றினார். அந்த வரிசையின் அடுத்த நூல்களில், நாயகன் டோராக் நுழையும் உடலின் வெறி அவனையும் பிடிக்கிறது. பனிக்கரடிக்குள் புகுந்தவன் தன்னை இழக்கப் பார்க்கிறான். வேட்டையாடிய உயிரில் எதையும் வீணாக்கக் கூடாதென்ற உடன்படிக்கையும் அந்த வரிசையிலுண்டு. கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'ஷாமன்' (2013) ஷோவே குகையிலிருந்து பிறந்தது. அதில் வித்தை என்பது பெரும்பாலும் மனப்பாடமும் காதைத் திருகும் ஆசிரியரும்தான். நம் மூத்தவர்கள் அதை ரசித்ததில் வியப்பில்லை.

இன்றைய நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரையும் குறிப்பிடவில்லை, திறமையுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இந்த மலரிலேயே எழுதுகிறார்கள். ஆனால் ஓநாய் மலிந்துவிட்டது. நாயகன் கண்ணை மூடினால் ஓநாய், திறந்தால் அறிவுரை. அது வேட்டைக்குப் போவதில்லை; அதற்குக் குட்டி இல்லை, உண்ணி இல்லை.

ஓநாயையாவது பொறுக்கலாம். முரசைப் பொறுக்க முடியவில்லை. ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் செய்த, ஐந்து துளையுள்ள குழல் கிடைத்தது. பழைய கற்காலத்து முரசென்று ஐயமின்றிச் சொல்லக்கூடியது கிடைக்கவில்லை. தோல் மக்கும், மரம் மக்கும். அதனால் இருந்ததே இல்லையென்று நான் சாதிக்கவில்லை. எழுத்தாளர் கற்பனை செய்யட்டும். ஆனால் சைபீரிய ஷாமனின் முரசை, அண்மை நூற்றாண்டுகளில் பயணிகள் குறித்துவைத்ததை, பனியுகத்துக்குள் அப்படியே தூக்கி வைப்பது கற்பனையா? குழலை ஒருவரும் தொடுவதில்லை! எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் முரசு, முரசடித்தால் மயக்கம், மயங்கினால் ஓநாய். எந்த மரத்தை வளைத்தார்கள், எந்தத் தோலை எத்தனை நாள் ஊறவைத்தார்கள், மழைநாளில் அது தொய்யாதா என்று கேட்பாரில்லை. பக்கத்துக்குப் பக்கம் அடித்தும் கிழியாத தோல்! இப்போது நம் மாதக் கூட்டத்தையே முரசடித்துத் தொடங்குகிறார்கள். ஆசான் இருந்த காலத்தில் கூட்டம் இருமலோடு தொடங்கும். படிப்பு ஒழுங்காக நடந்தது. வாசிப்புக் குறைந்ததற்கும், நூலகத்துக்குப் போன புத்தகங்கள் திரும்பாததற்கும், அவுலின் ஆறு பாகத்தையும் முடித்தவர் அருகிப் போனதற்கும் இந்த முரசே தொடக்கமென்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

செயற்குழுவுக்குப் பணிவான வேண்டுகோள் இரண்டு. புதிய அங்கத்தினர் ரோனியிலிருந்து தொடங்கட்டும்; ஓநாய்க் கதைகள் இரண்டாம் ஆண்டில் வரட்டும். அந்த முரசை யார் வாங்கித் தந்தார்களோ, அவர்களிடமே நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். மூத்தவர்கள் இதற்கு இசைவார்கள் என்று நம்புகிறேன்.