எதுக்குடா முந்துன?

செல்லூர் கபடி ரவுண்டானாவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வசவு நினைவுக்கு வரும்: "கண்ண எங்கடா வச்சிருந்த?" கார்னரில் நிற்கும் பையன் பாடி வருபவரின் கணுக்காலைக் கோட்டைவிட்டால் எந்த மைதானத்திலும் கிடைக்கிற வசவுதான். பிழை கண்ணுடையதுதானா?

பாடி வருபவர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுவதுபோலப் போக்குக் காட்டுகிறார். கார்னர் பாய முடிவெடுக்கிறான். அதற்குள் கால் உள்ளே போய், கை கவர் ஆட்டக்காரர் பக்கம் நீண்டுவிட்டது. பையன் அதைப் பார்த்தான், பார்த்தபடியே நின்றான். உளவியலாளர் வெல்ஃபோர்ட் 1952-இல் சொன்ன விளக்கம் இதற்குப் பொருந்தும்: முதல் செயலைத் தேர்ந்து முடிக்கும்வரை அடுத்த தேர்வு வரிசையில் காத்திருக்க வேண்டும். சரி, பார்வையின் கவனமும் அதே வரிசையில்தான் நிற்கிறதா?

இல்லை என்றார் இன்னோர் உளவியலாளர் ஹரோல்டு பாஷ்லர், 1991-இல். அவருடைய சோதனையில் ஓர் ஒலி கேட்டதும் சட்டென்று பொத்தானை அழுத்த வேண்டும். அதை ஒட்டியே திரையில் எழுத்துகள் மின்னி மறையும். குறி காட்டிய எழுத்தை நிதானமாகப் பிறகு சொன்னால் போதும். இரு வேலைகளும் எவ்வளவு நெருங்கினாலும் எழுத்தைச் சொல்வதில் பெரிய சரிவு இல்லை. இரண்டாம் வேலையிலிருந்து அவசரத்தை உருவி எடுத்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். கவனத்தைத் திருப்புவதும் செயலைத் தேர்வதும் வெவ்வேறு என்று அதனால்தான் பிரித்துக் காட்ட முடிந்தது.

ஆனால் 2007-இல் பிரிசன், ஜோலிகோர் என்ற ஆய்வாளர்கள் மூளையின் மின்னலைகளைப் பதிந்தபோது, கவனம் இடம் மாறுவதைக் காட்டும் அலை, வேலைகள் நெருங்க நெருங்க மங்கியது. பாஷ்லர் எழுப்பிய சுவரில் ஓட்டை இருக்கிறது. இன்னொன்று: அவர் முதல் வேலையைக் காதுக்குக் கொடுத்தார். கபடியில் போக்கும் திருப்பமும் ஒரே கண்ணுக்குத்தான் வருகின்றன. ஆய்வகத்திலிருந்து களத்துக்கு வரும்போது இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கழித்த பின்னும் என் தீர்ப்பு பாஷ்லர் பக்கமே. கவனமும் தேர்வும் ஒரே மீட்டரில் ஓடும் இரண்டு தறிகள்: மின்சாரம் தாழ்ந்தால் இரண்டும் மந்தமாகும், ஆனால் ஒன்றில் நூல் அறுந்ததற்கு இன்னொன்றைக் குறை சொல்ல முடியாது. அறுந்தது பெரும்பாலும் தேர்வில்தான். வழிகள் கூடினால் தேர்வு தாமதமாகும் என்று 1952-இலேயே உளவியலாளர் ஹிக் அளந்து காட்டியிருக்கிறார். கார்னருக்கு இது, கவருக்கு இது என்று வேலையை முன்பே பிரித்துவைப்பது அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான்.

ஆகவே பயிற்சி தரும் அண்ணன்மாரே, வசவை விட வேண்டாம், மாற்றுங்கள்: "அதுக்குள்ள எதுக்குடா முந்துன?"