ஜெய்ப்பூர் யானையும் இளஞ்சிவப்புக் கோட்டும்

ஃபேஷன் புகைப்படக்காரர் நார்மன் பார்க்கின்சன் 1931-இல் லண்டனில் ஸ்பெயிட் ஸ்டூடியோவில் தொழில் பழகச் சேர்ந்தார். பெரிய இடத்துப் பெண்களை அசையாமல் நிறுத்திப் படம் பிடித்த இடம் அது. 1934-இல் தனி ஸ்டூடியோ திறந்தவர், சீக்கிரமே ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ பத்திரிகைக்காக மாடல்களை வெயிலுக்கும் காற்றுக்கும் அழைத்துப் போய்விட்டார். 1939-இல் வைட் தீவில் எடுத்த படத்தில் பமேலா மிஞ்சின் நீச்சலுடையில் அந்தரத்தில் பாய்கிறார்.

அதை வெறும் வித்தை என்று ஒதுக்க என்னால் முடியாது. அசையாமல் நிற்கிற பெண்ணின் மேல் துணி சும்மா தொங்கும். அவள் எட்டி நடக்கும்போதுதான் மடிப்பு விரியும், ஓரம் சுழலும், துணியின் கனமே கண்ணுக்குத் தெரியும். அவர் படங்களில் பெண்கள் ஓடினார்கள், சிரித்தார்கள், எங்கோ வேலையாகப் போனார்கள். 1947-இல் அவர் மணந்த வெண்டா ரோஜர்சன் தீக்கோழி மேல்கூட உட்கார்ந்திருக்கிறார். ஃபேஷன் படத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் பார்க்கின்சனுக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

1956-இல் ‘வோக்’ பத்திரிகைக்காக இந்தியா வந்தார். ஜெய்ப்பூரில் ஆன் கன்னிங், யேகர் நிறுவனத்தின் இளஞ்சிவப்பு மொஹேர் கோட்டில், அலங்கரித்த யானைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆட்டு ரோமத்தில் நெய்து, லண்டன் குளிருக்காகத் தைத்த கோட்டு. நிறச் சேர்க்கை அபாரம். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஊர் அந்தக் கோட்டுக்குத் திரைச்சீலை ஆகிவிட்டது. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மாடல் பெயரைச் சொல்கிறார்கள், கோட்டு யாருடையது என்று சொல்கிறார்கள். யானைக்காரர் யார்? அந்தப் பேச்சே வருவதில்லை.

அதே காலத்தில் மலாயாவில், எங்கள் பெம்பான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. 1948-இல் தொடங்கிய அடையாளக் கார்டுப் பதிவுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்களும் கேமரா முன் நின்றார்கள். என் பாட்டியின் முதல் படம் அதுதான். இறுகிய உதடு, நேர்ப்பார்வை. கலை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிறகு பக்கத்து ஊரான ஜாசினில் எடுத்த ஸ்டூடியோ படத்தில் தாத்தா நாற்காலியில் இருக்கிறார், பாட்டி பக்கத்தில் நிற்கிறார். வரைந்த திரையும் தாத்தா கையில் இருக்கும் கடிகாரமும் ஸ்டூடியோவுடையவை. எந்தச் சேலை என்பதை மட்டும் பாட்டி முடிவு செய்தார். ஊருக்கு அனுப்புகிற படம் ஆயிற்றே. பார்க்கின்சன் உடைத்தெறிந்த அதே விறைப்புத்தான். ஆனாலும் படம் பாட்டியுடையது.

ஃபேஷன் பத்திரிகைக்குத் துணி விற்பதுதானே வேலை, யானைக்காரரின் பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் துணிக்கு ஒரு ஊரும் அதன் ஆட்களும் துணை நிற்க வேண்டியதில்லை என்று 1939-இல் காட்டியவரே பார்க்கின்சன்தான். வானமும் கடலும் அன்றைக்குப் போதுமாக இருந்தன. அதனால் ஜெய்ப்பூர் படத்தை அவருடைய உச்சம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பமேலாவின் பாய்ச்சல்தான் உச்சம்.

இப்போது கல்யாண ஜோடிகள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவருவதைப் படம் பிடிக்கிற நம் பிள்ளைகளும் பார்க்கின்சன் வழியில்தான் போகிறார்கள். ஓட்டத்தை நன்றாகவே பிடிக்கிறார்கள். ஓரத்தில் கத்தியும் வாளியுமாக நிற்கிற பால்வெட்டுக்காரரையும் அழகுக்காகச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறார்களே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா, அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார்களா என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் படங்களை நான் மதிப்பிடுகிறேன்.