கார் நின்ற இடங்கள்: நிக்கொலா பூவியேயும் காலிக் கோட்டையும்

காலிக் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு நூலோடு நீண்ட நாளாய்ப் பிணக்கு. எழுதியவர் சுவிற்சர்லாந்துக்காரரான நிக்கொலா பூவியே (1929 - 1998). 1955இல் ஒரு பழைய ஃபியற் காரில் தனியாளாக இந்தியாவைக் கடந்து இலங்கைக்கு வந்தவர். எங்கள் ஹொஸ்பிட்டல் வீதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, நோயும் தானுமாகப் பல மாதங்கள் கிடந்தவர். 26 வருடங்கள் கழித்து, 1981இல், அந்த மாதங்களைப் பற்றி ஒரு சிறிய நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'த ஸ்கோர்பியன் ஃபிஷ்'. எனக்குப் பிரெஞ்சு தெரியாது; றொபின் மர்ஸாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் வாசித்தேன். மூன்று தடவை. முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை, சும்மா சொல்லக்கூடாது, மனுசன் எழுதியிருக்கிறான் என்று பட்டது. மூன்றாம் தடவை வாசித்த பிறகு நான் வாப்பாவின் காரை எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பூவியேயின் முதல் நூலைப் பேசாமல் இதைப் பேச ஏலாது. 1953 கோடையில், 24 வயதில், ஜெனீவாவிலிருந்து அவர் புறப்பட்டார். யூகோஸ்லாவியாவில் நண்பர், ஓவியர் தியெரி வெர்னே சேர்ந்துகொண்டார். கார் ஃபியற் தொப்பொலீனோ. இத்தாலியில் சுண்டெலி என்று அதைச் செல்லமாகச் சொல்வார்கள். இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம். எஞ்சின் 569 சீசீ. இன்றைக்கு அதைவிடப் பெரிய எஞ்சினோடு மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. மேட்டில் ஆட்களையும் சாமானையும் சேர்த்து அது இழுக்காது. இறங்கித் தள்ள வேண்டும். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று அந்தச் சுண்டெலி போன கதைதான் 1963இல் வந்த 'த வே ஒஃப் த வேர்ல்ட்'. பதிப்பாளர்கள் எடுக்கத் தயங்க, தன் கைக்காசு போட்டு அச்சிட்ட நூல். இன்று பிரெஞ்சு மொழிப் பயண இலக்கியத்தில் அதை முன்வரிசையில் வைக்கிறார்கள்.

அந்த நூலின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கார் நின்ற இடங்களில் என்பேன். தப்ரீஸில் பனி வழியை மூடியது. ஒரு குளிர்காலம் முழுக்க ஆர்மீனியர் குடியிருப்பில் தங்கினார்கள். குவெட்டாவில் கார் கராஜில் கிடந்தது. அங்கேதான் ஹோட்டல் வேலையாள் ஒருவர், பூவியே தப்ரீஸில் எழுதி வைத்திருந்த கைப்பிரதியைக் குப்பை என்று நினைத்து வீசிவிட்டார். நண்பர்கள் இருவரும் ஊர்க் குப்பைமேட்டைத் தோண்டித் தேடினார்கள். கிடைத்தது சில துண்டுகள்தான். இந்த நூலில் ஓடுகிற காரைப் பற்றிய பக்கங்கள் மெலிந்தவை. நிற்கிற காரைச் சுற்றியே மெக்கானிக்கும் தேநீர்க்கடைக்காரனும் லொறி ட்ரைவரும் பொலிஸ்காரனும் வருகிறார்கள். அவர்களோடு பேச்சும் வருகிறது.

இன்னொரு விசயம் நம்மவர்களுக்குப் பிடிக்கும். ஈரானில் வைத்துக் காரின் கதவில் ஹாபிஸின் கவிதை வரிகளைப் பாரசீக எழுத்தில் எழுதுவித்தார் பூவியே. அந்நியரை விரும்ப அதிகம் காரணமில்லாத ஊர்களில் அந்த எழுத்தே தங்களுக்குக் காவலாயிற்று என்று அவரே சொல்கிறார். விசாவும் சீலும் செய்யாததை ஷீராஸில் அடங்கியிருக்கும் ஒரு கவிஞர் செய்தார். கார்க் கதவை வாசித்துவிட்டு ஆட்கள் சிரித்துக்கொண்டு கிட்ட வருகிற அந்த இடங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன்.

இனித்தான் எனக்கு விளங்காமல் இருந்த இடம் வருகிறது. வெர்னே காபூலிலிருந்து முன்னால் இலங்கைக்குப் போய்விட்டார். அவரைக் கட்டப்போகிற பெண் இங்கே வர இருந்தார். பூவியே தனியாகக் காரோடு நின்றார். முதல் நூல் 1954 டிசம்பரில், கைபர் கணவாயில் முடிகிறது. இலங்கை நூல் இந்தியாவின் தென்முனையில் தொடங்குகிறது. நடுவில் 3000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பழைய கார், தனி ஆள், நெடும் பயணம் என்று நாம் கனவு காண்கிறோமே, அந்தக் கனவுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிற பகுதி அதுதான். அதற்கென்று அவர் ஒரு நூல் எழுதவில்லை. இரண்டு நூல்களுக்கு நடுவிலே அது ஒரு வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது.

இதைச் சோம்பல் என்றோ தற்செயல் என்றோ தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியே காரோட்டுகிறவனுக்கு எழுதுவதற்கு அதிகம் இல்லை. கண் றோட்டில், காது எஞ்சினில். பக்கத்து ஆசனத்தில் ஆள் இருந்தால் ஒரு சொல் பிறக்கும், ஒரு சண்டை பிறக்கும். ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் அமெரிக்காவைச் சுற்றிவர ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போனது சும்மா இல்லை. பேசுவதற்கு ஒரு உயிர் வேண்டியிருந்தது. (அவருடைய வண்டி புத்தம் புதிய ட்ரக். அது இந்தப் பேச்சுக்குள் வராது. சொன்ன அளவுக்கு அவர் தனிமையில் இருக்கவுமில்லை என்று பிற்காலத்தில் அதே வழியில் போய்ப் பார்த்த பத்திரிகையாளர் ஒருவர் வாதிட்டார்.) பயண நூல்களில் தனிமை பெரும்பாலும் ஓர் உடுப்பு. பூவியே அந்த உடுப்பைப் போடாமல் விட்டது அவருடைய நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் காலிக்கு வந்ததும் கதை மாறுகிறது. நண்பனும் மனைவியும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கையில் காசு இல்லை. இங்கேயும் கார் நிற்கிறது, ஆனால் ஆட்கள் வரவில்லை. வந்தவை பூச்சிகள். கறையானுக்கும் எறும்புக்கும் நடக்கிற யுத்தத்தை அவர் எழுதியிருக்கிறார் பாருங்கள், அதற்கு ஈடான பக்கங்களை நான் வாசித்தது குறைவு. தேளும் வண்டும் பெயர் உள்ள பாத்திரங்கள்போல அறைக்குள் உலாவுகின்றன. செத்துப்போன ஒரு யேசு சபைப் பாதிரியார் வந்து அவரோடு பேசுகிறார். ஊரின் பெயரைவிடத் 'தீவு' என்ற சொல்தான் நூலில் முன்னுக்கு நிற்கிறது. தீவு சூடானது, சோம்பலானது, சூனியம் நிறைந்தது, ஆளை மெல்ல விழுங்குவது.

என் பிணக்கு இதுதான். ஹொஸ்பிட்டல் வீதியின் கரையோரமாகத் தெற்கே நடந்தால் வெளிச்சவீடு; அதன் எதிரே மீரான் பள்ளிவாசல். கோட்டைக்குள்ளேயே அரபு மத்ரஸா. மாணிக்க வியாபாரிகளின் வீடுகள். பீரளு ரேந்தை பின்னுகிற பெண்கள். மாலையில் மதில்மேல் காற்று வாங்குகிற பெரிய குடும்பங்கள். மதிலைச் சுற்றி நடக்க ஒரு மணித்தியாலம் போதும். அவ்வளவு சிறிய, அவ்வளவு நெருக்கமான ஊர். கறையானுக்குக் கிடைத்த தனி முகம் எங்கள் தெருக்காரர்களுக்கு இந்த நூலில் கிடைக்கவில்லை என்பதே என் வாசிப்பு. மனிதர்கள் வருகிறார்கள், ஆனால் காய்ச்சல்காரன் கண்ணில் அசைகிற நிழல்களாக. தப்ரீஸில் அயலவர்களை எழுதிய அதே கைதானா இது?

இப்னு பதூதாவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அவர் 1344இல் வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, மன்னன் கொடுத்த பல்லக்கோடும் ஆட்களோடும் பாவா ஆதம் மலைக்குப் போனார். தனிப் பயணம் அல்ல, கூட்டமாகப் போன பயணம். திரும்புகையில் தேவேந்திரமுனை வழியாகக் 'காலி' வருகிறார். சிறிய ஊர் என்கிறார். அங்கே கப்பல் தலைவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் தன் இடத்தில் எங்களை விருந்தோம்பினார் என்கிறார். ஓரிரு வரிதான். அவரும் நினைவிலிருந்தே சொன்னார். 1355இல் இப்னு ஜுஸை எழுதி முடித்தார். பதினொரு வருடம் கழித்தும் சாப்பாடு போட்டவரின் பெயர் அவரிடம் இருந்தது. பூவியேயிடம் மாதக் கணக்கு இருந்தது, இலக்கியம் இருந்தது, ஓர் இப்றாஹீம் இல்லை.

இப்படித்தான் இந்தக் கட்டுரையை முடிப்பதாக இருந்தேன். முடிந்திருந்தால் அது ஒரு குற்றப்பத்திரிகையாக இருந்திருக்கும். கெடுத்தது வாப்பா.

வாப்பா 1955இல் எட்டு வயதுப் பையன். ஹொஸ்பிட்டல் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கோட்டைக்குள் நாள் முழுக்க ஓடித் திரிந்த வயது. "ஒரு வெள்ளக்காரன், சின்னக் கார், நோய்க்காரன், ஞாபகம் ஈக்கா?" என்று கேட்டேன். யோசித்தார். "இல்ல மகன்" என்றார். மூத்த மாமியைக் கேட்டேன். அவருக்கும் இல்லை. பக்கத்து வீட்டு ஹாஜியாரும் கையை விரித்தார். எந்த வீட்டில் எப்போது கத்தம் ஓதினார்கள், யாருடைய கல்யாணத்தில் புரியாணி காணாமல் போனது என்றெல்லாம் சொல்லக்கூடிய ஆட்கள். ஒரு மனிதன் மாதக் கணக்காய்க் காய்ச்சலில் கிடந்தது எங்கள் வீடுகளின் கதைகளில் எங்கேயும் இல்லை. ஹாபிஸின் வரிகள் அந்தக் கதவில் அப்போதும் மிஞ்சியிருந்தால், அரபு எழுத்துத் தெரிந்த ஆட்கள் அந்தத் தெருக்களில் எத்தனை பேர் இருந்தார்கள்! அரபுத் தமிழில் கிதாபு வாசித்த மூதாட்டிகள் இருந்தார்கள். யாராவது கிட்டப் போய்க் கதவை வாசித்துப் பார்த்தார்களா?

அப்போதுதான் மூன்றாம் தடவை வாசித்தேன். இந்தத் தடவை நூல் வேறு மாதிரி இருந்தது. அவர் எங்களைக் காணவில்லை என்று முறைப்பட வந்தவன், நாங்களும் அவரைக் காணவில்லை என்பதை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பூச்சிகளின் அத்தியாயம் இப்போது கெட்டித்தனமாகத் தெரியவில்லை. ஆள் வராத அறையில் எது வந்ததோ அதை எழுதியிருக்கிறார். 'சூனியத் தீவு' என்ற பார்வையை நான் இன்னும் ஏற்கவில்லை. அது ஐரோப்பியர் பலர் எங்கள்மேல் போர்த்திய பழைய போர்வை. தப்ரீஸ் எழுதியவர் அதைக் கையில் எடுத்தது குறைதான். ஆனால் அந்த அறையின் தனிமையைப் போலி என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.

வாப்பாவின் கார் 1954ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவில் பிளந்தது. திரும்பும்போது பக்கத்தில் கைபோல ஒரு சிக்னல் எழும்பும். 803 சீசீ. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த பிறகு இந்த நாட்டில் பழைய கார்களை யாரும் வீசவில்லை. பாஸ்மார் சாகவும் விடவில்லை. பூவியே கரையேறிய தலைமன்னார் வரைக்கும் அதில் தனியே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். 450 கிலோமீற்றருக்கு மேல். தனியே இரவில் பயணம் போவது பற்றிய ஹதீஸை உம்மா நினைவூட்டினார். "தனியப் போக ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார் வாப்பா. பகலில் மட்டும் ஓடுவதாக ஒத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி. சொல்வதற்கு ஒன்றுமில்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறவனை எல்லாரும் முந்திக்கொண்டு போவார்கள். பூவியேயின் வெள்ளைத் தாள் எனக்கு அங்கேதான் நன்றாக விளங்கியது.

முருங்கனைத் தாண்டிக் கார் நின்றது. பெற்றோல் பம்ப். அந்தக் காரில் திறப்பைத் திருப்பினால் பம்ப் டிக்-டிக் என்று அடிக்க வேண்டும். சத்தம் இல்லை. வெயிலில் நின்றேன். ஒரு முச்சக்கர வண்டி நின்றது. எருக்கலம்பிட்டிப் பெரியவர் ஒருவரும் பேரப் பிள்ளையும். பெரியவர் பொனட்டைத் திறக்கச் சொல்லி, பம்பில் ஸ்பெனரால் இரண்டு தட்டுத் தட்டினார். டிக்-டிக். "எங்கட வாப்பாட்டயும் ஒண்டு இருந்த" என்றார். எங்கே அந்தக் கார் என்று கேட்டேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேறச் சொன்னபோது விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனதாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூட ஆரு?"

"ஆரும் இல்ல, தனியத்தான்."

"காலியிலயிருந்தா? ஏன், வீட்டில ஆக்கள் இல்லையா?"

பூவியேயைப் பற்றி, நூலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அந்த மனுசனுக்குத் தண்ணி வெந்நி ஆரு குடுத்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இது ஒரு விமர்சகன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மூன்று தடவை வாசித்தும் நான் கேட்கவில்லை.

பெரியவர் பேரனை என் காரில் ஏற்றிவிட்டார். தனியே விட மனம் வரவில்லையாம். தலைமன்னாரில் பழைய இறங்குதுறையின் எச்சத்தைப் பார்த்தோம். அந்தக் காலத்தில் பாம்பனில் றோட்டுப் பாலம் கிடையாது, அது 1988இல்தான் வந்தது. பாம்பனைத் தாண்ட அந்தச் சுண்டெலிக் கார் ரயிலில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும், பிறகு தனுஷ்கோடியில் கப்பல் என்று பையனுக்குச் சொன்னேன். காரை ரயிலில் ஏற்றுவதா என்று சிரித்தான். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, கார்க் கதவில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டான். தெரிந்த அளவுக்குச் சொன்னேன்.

திரும்பும்போது பேசாலைக்குக் கிட்டப் பம்ப் மறுபடி நின்றது. நான் கதவைத் திறக்க முன்னரே பையன் ஸ்பெனரோடு இறங்கிவிட்டான்.