தேராது தெளிதல்

வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963 இல் ஒரு சவால் விடுத்தார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய். மூடி முத்திரையிட்ட நோட்டின் இலக்கத்தை வாசித்தாலே போதும். 1978 இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் பெறவில்லை. சாமியார்களும் சாத்திரிகளும் மலிந்த நகரில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் ஆற்றிய இப்பணி சிறிதன்று.

ஆயினும் அவருடைய ஐயம் எதுவரை சென்றது என்று நாம் கேட்டாக வேண்டும். அவர் சோதிக்க முன்வந்தவை கண்ணெதிரே நிகழ்பவை. நாமோ பெரும்பாலானவற்றைப் பிறர் வாயால் அறிகிறோம்.

மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. (அமுதசுரபியைப் புகழ்ந்து மேடையில் முழங்குவோர் இக்காதையைப் புரட்டுவதே இல்லை.) காட்சி ஒன்றையே ஏற்கும் பூதவாதியைக் கண்டு மணிமேகலை நகைக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எங்ஙனம் அறிவாய் என்று கேட்கிறாள். அதே காதையில் அளவைவாதி, அளவை போலத் தோன்றிப் பிழைபடுவன எட்டு என்கிறான். அவற்றுள் ஐயமும் ஒன்று. தேராது தெளிதலும் ஒன்று. நட்ட கட்டையைக் கண்டு, கட்டையோ ஆளோ எனத் தயங்குவது ஐயம். ஆராயாமலே அதனை ஆள் என்று துணிவது தேராது தெளிதல்.

கொழும்பின் வரலாற்றில் இரத்தம் சிந்த வைத்தது இவ்விரண்டாவது பிழையே. 1883 இல், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டது. கத்தோலிக்கர் வணங்கும் உருவங்களை இழிவுபடுத்தும் பொருள்கள் அதில் வருகின்றன என்ற பேச்சு முன்னரே பரவியிருந்தது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1983 யூலை 29 வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்பினுள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி எழுந்தது. வீதியில் அகப்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். கட்டையை ஆளென்று கொள்வது பழைய உதாரணம். இங்கோ ஆளைப் புலியென்று கொண்டார்கள்.

இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது பகுத்தறிவாளரின் வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. அதே வாரத் தொடக்கத்தில் வெள்ளவத்தையில் வீடுகளையும் கடைகளையும் எரித்த கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்ததைப் பலர் பதிவு செய்துள்ளனர். எந்த வீடு யாருடையது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. முகவரி அவ்வளவு கவனமாகச் சரிபார்க்கப்பட்டது. வதந்தியை மட்டும் எவரும் சரிபார்க்கவில்லை. ஆராயும் திறன் இல்லாமற் போகவில்லை. எதை ஆராய்வது, எதை ஆராயாது விடுவது என்பதை வேறொருவருடைய தேவை வகுத்துக் கொடுத்தது. வதந்தியின் தத்துவம் அரசியலாவது இங்கேதான்.

அரசாங்கமும் தன் பங்குக்குத் தேராது தெளிந்தது. கலவரம் இடதுசாரிகளின் சதி என்று அறிவித்து, கம்யூனிஸ்ட் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி, நவ சமசமாஜக் கட்சி ஆகிய மூன்றையும் தடைசெய்தது. அச்சதி எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. கோவூர் காலமாகி அப்போது ஐந்தாண்டுகள். அவர் இருந்திருப்பினும், இந்த அற்புதத்துக்கு அவருடைய சவாற் பட்டியலில் இடம் இருந்திராது.