வேகமும் அளவும்

கதைக்கு விமர்சனம் உண்டு, கச்சேரிக்கு உண்டு, சினிமாவுக்கு வேண்டிய மட்டும் உண்டு. ஒரு மோட்டார் வண்டிக்கு விமர்சனம் எழுத நேரும் என்று நான் நினைத்ததே இல்லை. பாம்பனில் இருக்கும் என் நண்பரின் மகன் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.

வண்டி, பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் 1961-இல் தயாராகத் தொடங்கிய சின்னக் கார். மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறந்து கொள்ளும். இயந்திரத்தைச் சுற்றி நின்று நாலு பேர் வேலை பார்க்கலாம். கை துருதுருவென்று இருக்கும் இளைஞனுக்கு இதைவிட ஆபத்தான சௌகரியம் வேறில்லை. பையன் முதலில் கூரையைக் கழற்றினான். அடிச்சட்டம் தனியாக இருக்கும் வண்டியாதலால் அதற்கு அது தாங்கியது. பிறகு இயந்திரத்தில் கை வைத்தான்.

கம்பெனி கொடுத்தது 948 சி.சி.; ஏறக்குறைய 35 குதிரை சக்தி; ஒரே கார்புரேட்டர். இவன் இரண்டு கார்புரேட்டர் வைத்தான். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டினான். காற்று போகும் வழிகளை விரலால் தடவித் தடவி வழவழப்பாக்கினான். புகைக் குழாயை மாற்றினான்.

"அறுபது குதிரை தாராளமா இருக்கும் மாமா."

"அளந்து பார்த்தாயா, தம்பி?"

"சத்தத்திலேயே தெரியுதே!"

நம்முடைய இலக்கிய விமர்சனங்களில் பாதிக்கு மேல் இந்த அளவுகோலில்தான் நடக்கிறது என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

விமர்சகன் முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். நல்லது இருந்தது. 1988-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலத்தில், இரண்டு கிலோ மீட்டருக்கு மேல், இரு பக்கமும் நீலமாகக் கடல் விரிந்து கிடக்க, மூன்றாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தபோது என் வயதை மறந்தேன். சத்தம் வெறும் கூச்சலாக இல்லை. அதில் ஒரு சுருதி இருந்தது. பையனின் உழைப்பு பொய்யில்லை.

பாலத்தின் நடுவே, தூணில் சாய்ந்து ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கும் யாத்திரிகர் கூட்டம் ஒன்று சாலையில் இறங்கிற்று. பையன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. ஆனால் அவன் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஒரு குழந்தைக்கு மூன்று முழம் முன்னால் நின்றது. குழந்தை சிரித்தது. அதன் தாய் சிரிக்கவில்லை.

என் விமர்சனம் அந்த மூன்று முழத்தைப் பற்றியதுதான்.

மணிக்கு 60 கிலோ மீட்டரில் ஓடும் வண்டியை 80-க்குக் கொண்டுபோனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. நிறுத்தும் வேலையோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. கணக்கு ஈவிரக்கம் பார்ப்பதில்லை. பையன் இயந்திரத்துக்குச் செய்த உபசாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிரேக்குக்குச் செய்யவில்லை. நான்கு சக்கரத்திலும் அதே பழைய டிரம் பிரேக். பின்சக்கரங்களின் அச்சோ, வளைவில் திடீரென்று காலை எடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கிக் கொள்ளும் சுபாவம் உடையது.

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தய ஜாதிச் சின்னக் காரைச் செய்தார்கள். 1147 சி.சி., இரண்டு கார்புரேட்டர், 63 குதிரை. நம் பையனுடைய கனவு அதுதான். ஆனால் அவர்கள் சக்தியைக் கூட்டிய கையோடு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் வைத்தார்கள். பின் அச்சின் கோளாறைப் பிற்பாடு திருத்தினார்கள். நம்மவர்கள் மூலநூலில் பாதியைத்தான் மொழிபெயர்க்கிறோம். அதுவும் சத்தம் போடும் பாதியை!

இதைப் படித்துவிட்டு, "வண்டியில் கை வைப்பதே பாவம் என்கிறான் கிழவன்" என்று யாரும் எண்ண வேண்டாம். சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், ஹெரால்டும் ஃபியட்டும் பந்தயம் ஓடிய காலம் உண்டு. அங்கே வந்தவர்களில் கோயமுத்தூர் கரிவரதன் ஒருவர். மாருதி 800-இன் சின்னஞ்சிறு 796 சி.சி. இயந்திரத்தை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியை அதிகச் செலவில்லாமல் செய்தார். எல்லாருக்கும் ஒரே இயந்திரம்; வண்டியின் உடம்பு முழுவதும் அந்தச் சக்திக்கு அளவாக அமைந்தது. அதனால் ஜெயித்தவன் பணத்தால் ஜெயித்தான் என்று சொல்ல முடியாது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த வகை வண்டியில் பழகியவர்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். சின்ன இயந்திரத்தைக் கொண்டு பெரிய காரியம் செய்தவர் என்று அவரைச் சொல்வேன்.

பையன் விடவில்லை. "இங்கே படகுக்கெல்லாம் பெரிய எஞ்சின் மாத்துறாங்களே மாமா, அவங்களை யாரு கேக்குறா?" என்றான்.

கேட்கிறார்கள். விசைப்படகுக்கு 240 குதிரைக்கு மேல் கூடாதென்று தமிழ்நாட்டின் 2020-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. ஆயினும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. முந்திப் போகிறவனுக்கு மீன். ஒருவன் மாற்றினால் பக்கத்துப் படகுக்காரனும் கடன் வாங்கி மாற்றியே ஆகவேண்டும். கடலில் மீன் மட்டும் கூடுவதில்லை. அவனைத் துரத்துவது வயிறு. நம் பையனை யார் துரத்துகிறார்கள்? வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாதென்று, பாலம் திறந்த அதே 1988-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டமும் 52-ஆவது பிரிவில் சொல்கிறது. சட்டத்தைச் சொன்னால் இளைஞர்களுக்குக் கொட்டாவி வருகிறது; ஆகையால் பக்கத்தில் இருந்த ரயில் பாலத்தைக் காட்டினேன். 1914-இல் கட்டிய அந்தப் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு வழி கிடைக்காமல் இருந்தது. கடலைக் கடக்கத் துணிந்தவர்கள், நிற்பதற்கும் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் துணிந்தார்கள்.

இந்தப் புத்தியை அவனுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கொஞ்சம் உண்டு. என் தொடர்கதை ஒன்று நடுவில் தொய்வதாகக் கடிதங்கள் வந்தபோது, நானும் ஹெட்டைச் சீவியவன்தான். வாரத்துக்கு ஒரு மர்மம், ஓர் ஓட்டம். வேகம் பிரமாதமாக வந்தது. ஆனால் என் கதாநாயகி ஒரு குமாஸ்தாவின் சாதுவான பெண். அந்த வேகத்தை அவள் தாங்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவளை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் கொன்றுவிட்டேன். வாசகர்கள் அழுதார்கள், நான் தப்பித்தேன். சாலையில் அப்படித் தப்பிக்க வழியில்லை.

திரும்பும்போது பையன் 40-க்கு மேல் போகவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தான்.

"டிஸ்க் பிரேக் மாட்டணும்னா முன்பக்கம் பூரா மாத்தணும் மாமா. எஞ்சினுக்கு ஆனதைவிடச் செலவு ஆகும்."

"ஆகும், தம்பி."

"மாட்டினப்புறம் வந்து ஏறுவீங்களா?"

ஏறுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை இந்த விமர்சனம் முதல் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்.